வெளியாள் சொன்ன வானிலை

காலை ஆறு பன்னிரண்டு. கம்பம் ஊரில் ஒரு மருத்துவமனையின் மொட்டை மாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது மேற்கு மலையின் கீழ்ப்பாதி. மேல்பாதி இல்லை. கேரளப் பக்கத்திலிருந்து வழிந்த மேகம் மலைச்சாலையின் நான்காவது வளைவு வரை இறங்கியிருந்தது.

கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்காவின் கணவர் கிடந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது. கொச்சியில் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் தயாராக இருந்தார். சாலை வழியாக மதுரைக்குப் போகவே இரண்டரை மணி நேரம். அதுவரை தாங்குவது சந்தேகம் என்றார்கள். கொச்சியில் வேலை பார்க்கும் அக்காவின் மூத்த மகன் அங்கிருந்தே ஒரு ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்திருந்தான்.

கிளம்புவதா வேண்டாமா என்று விமானி ஆறரைக்குள் முடிவு செய்ய வேண்டும். கொச்சி, மதுரை விமான நிலையங்களின் வானிலை அறிக்கை அவரிடம் இருந்தது. இடையில் இருக்கும் எங்கள் மலைக்கு அறிக்கை கிடையாது. இங்கே நிற்கும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நோயாளியின் வீட்டார் சொல்லும் வானிலையை அவர் எடுத்துக்கொள்வதில்லை. வெளியாள் ஒருவரைக் கேட்டார்.

"மாமா, நிருபர்னு மட்டும் சொல்லுங்க. சொந்தம்னு சொல்லிராதீங்க." என்னோடு மாடிக்கு வந்த சின்ன மருமகன், அக்காவின் இளைய மகன், போனை என் கையில் திணித்தான். "தெளிவா இருக்குன்னு ஒரு வார்த்த. வந்துருவாக."

விமானியின் தமிழில் மலையாளம் கலந்திருந்தது. "சாரே, நோயாளிக்கு நீங்க சொந்தமா?"

"இல்லை. பத்திரிகை நிருபர்."

"கணவாய் தெரியுதா?"

"தெரியல. நாலாவது வளைவுக்கு மேல ஒண்ணும் தெரியல."

"மேகம் நிக்குதா, எறங்குதா?"

"எறங்குது. மேக்கேருந்து மேகாத்து அடிக்குது. இங்கன தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது."

மருமகன் போனைப் பிடுங்கினான். "சார், இப்பத் தெளிஞ்சிருச்சு சார், வாங்க."

"தம்பீ," என்றார் விமானி, "ரிப்போர்ட்டர் சொன்னத எழுதிட்டேன்."

‘வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்று இருபது வருடம் செய்தி அனுப்பியவன் நான். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. வானிலை மையத்திலிருந்து வந்ததை அப்படியே அடித்து அனுப்புவேன். யாரும் குறை சொன்னதில்லை. கண்ணால் பார்த்துச் சொன்ன வானிலை இது ஒன்றுதான்.

"நிருபர்னு சொல்லச் சொன்னா நிருபராவே ஆயிருவீகளோ?" என்றான் மருமகன்.

அக்கா மாடிப்படியில் நின்றிருந்தாள். "ஏலே, வந்து பாத்துட்டு முடியலன்னா திரும்பிப் போகட்டுமே. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

மேகத்துக்குள் மலையைத் தேடி வருகிறவர்கள் திரும்பிப் போவதில்லை. அதை அவளிடம் சொல்லும் நேரமல்ல அது.

ஏழு மணிக்கு, கிளம்பியிருந்தால் ஹெலிகாப்டர் கணவாயைக் கடந்திருக்க வேண்டிய நேரத்தில், மறுபடி மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேகம் இன்னும் விலகவில்லை. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வசதியுள்ள ஆம்புலன்ஸ் கிடைத்து ஏழரைக்கு மதுரைக்குப் புறப்பட்டோம். எட்டு ஐந்துக்குச் சின்னமனூரைத் தாண்டும்போது மேற்கு மலை உச்சி வரை தெரிந்தது. மருமகன் கண்ணாடி வழியாக அதைப் போனில் படம் எடுத்தான்.

உசிலம்பட்டிக்கு முன்பே உயிர் பிரிந்தது. அந்தப் படம் மாலைக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது. எடுத்த நேரம் அதில் இல்லை.

அன்று நான் ஒரு பொய் சொன்னேன். குடும்பத்துக்கு இரண்டு தேவைப்பட்டன.

கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் போட வேண்டும். அக்காவுக்குப் பெரியப்பா மகன் போட்டார்.