மகள் அறைக்கும் தறிக்கும் நடுவே

சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உட்காரத் தெரியாது. தறி ஓடும்போது மட்டும் எப்படியோ உட்கார்ந்துவிடுவேன். விசைத்தறி எல்லாம் ஒன்றாக ஓடினால் தரை லேசாக அதிரும். அது உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வரும். அது இல்லாத நாளில் கால் என்னை எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடும்.

தறிக்கூடத்தை ஒட்டிய அறையில்தான் மகள் தன் த்ரீடி பிரிண்டர் மிஷினை வைத்தாள். மாப்பிள்ளை ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அவள் வெண்ணந்தூரில் எங்களோடு இருந்து, சேலத்து வெள்ளிப் பட்டறை ஒன்றுக்குக் கொலுசுப் பூட்டின் பூ அச்சு செய்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் வரைவாள். மிஷினின் அடியில் ஒரு சின்னத் தொட்டியில் ரெசின் என்ற பிசின் தண்ணீர் இருக்கும். கீழிருந்து வெளிச்சம் அடிக்க அடிக்க அது மெல்லிய ஏடு ஏடாக இறுகி, மேலே ஏறும் தகட்டில் தலைகீழாகப் பூ தொங்கும். பட்டறையில் அதைச் சுண்ணாம்பு மாதிரியான அச்சு மாவுக்குள் புதைத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுவார்கள்.

பூவில் வரி விழுந்தது. தலைமுடி கனத்தில் கோடு கோடாக. அது அப்படியே வெள்ளியிலும் வந்துவிடும். தேய்த்து எடுத்தால் இதழின் நரம்பும் சேர்ந்து போய்விடும்.

பட்டறைக்காரர் போனில் பேசினது எனக்கே கேட்டது. "இன்னொரு வாட்டி வரியோட வந்தா நான் கோயமுத்தூர்ல பாத்துக்கறேன் அம்மிணி. கோவிச்சுக்காத." அந்த ஒரு பட்டறைதான் அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் கழிவு நூலை லாரிப் பட்டறைக்காரன் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொண்டு போவான். இவள் கழிவை யாரும் சீந்தமாட்டார்கள். இறுகினது இறுகினதுதான், திரும்ப உருகாது. பெயிண்ட் வாளி நிறையக் கெட்டுப்போன பூ. அதற்காக அவள் என்னென்னவோ செய்தாள். கூரை போடும்போது முட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி பூவுக்கும் முட்டுக்கால் உண்டு. பூவைச் சாய்த்து வைத்து அதில் பாதியைக் குறைத்தாள். தொட்டியில் மிஞ்சினதைக் காகிதத்தில் வடிகட்டி, வெயில் படாத பாட்டிலில் ஊற்றி வைத்தாள். சேதாரம் குறைந்தது. வரி மட்டும் போகவில்லை.

மாப்பிள்ளை ஊருக்கு வந்தபோது, மேசை சரியாக நிற்கவில்லை என்று சொல்லி, லாரி டயரை வெட்டி மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தார். லாரிக்காரர்களுக்கு எதற்கும் டயர்தான். மிஷின் தூளி மாதிரி ஆடியது. அன்றைக்கு வந்த பூ கத்தரிக்காய் வற்றல் மாதிரி இருந்தது. "இத வறுத்துத் தின்னுக்கோங்க" என்று அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அடுத்த நாளே வடக்கே கிளம்பிவிட்டார்.

பிறகு ஒரு நாள் தறிக்குப் பாவு நூல் வந்து சேரவில்லை. தறி எல்லாம் நின்றது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறி, இறங்கி, வேறு பஸ் ஏறி, பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் போய் நின்றேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மகள் வெளிச்சத்தில் எதையோ தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மூடிக்கொண்டாள்.

"என்ன சாமி, இதும் போச்சா?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"கையத் தொற."

திறந்தாள். பூவில் ஒரு வரி இல்லை.

"நல்லாத்தான வந்திருக்குது? அப்பறம் மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"இன்னைக்குத் தறி ஓடலீங்கல்ல."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த வீடு கட்டும்போது தறிக்கூடத்துக்கும் அறைக்கும் சேர்த்து ஒரே நாளில் தரைக்குத் தளம் போட்டோம். கொத்தனார் ஆட்களுக்கு வாழை இலையில் சோறு. விரிசல் இல்லாத தளம் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறேன். என் காலுக்கு வருகிற அதே அதிர்வுதான் அவள் பூவுக்கும் போயிருக்கிறது.

"முன்னாடியே தெரியுமா?"

"டம்ளர்ல தண்ணி வெச்சுப் பாத்தனுங்க. தண்ணி ஆடுச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தறிய நிறுத்திப்போடுவீங்க. அப்பறம் நீங்க எங்க போவீங்க? பஸ்ஸுலயே குடியிருப்பீங்களா? ராசிபுரத்துல ரூம் பாத்து மிஷின அங்க கொண்டு போயரலாம்னு இருக்கேன்."

அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"போர் போடறப்ப பக்கத்து ஊட்டுச் செவுரு அதிருமுங்க மாமா. நடுவுல குழி வெட்டி உட்டா கம்மியாயிரும். தளத்த வெட்டிப் பிரிச்சிருங்க."

"இதும் டயர் மாதிரி ஆயராதுங்களா மாப்ள?"

"அத இன்னும் மறக்கலீங்களா?" என்று சிரித்தார்.

கொத்தனார் வெட்டு மிஷினோடு வந்தார். என் தளத்தில் பிளேடு இறங்கும்போது நான் தெருமுனைக்குப் போய்விட்டேன். சத்தம் அங்கேயும் வந்தது. கூடத்துக்கும் அறைக்கும் நடுவே தளத்தை அறுத்து, கீழே மண்ணில் பள்ளம் எடுத்தார்கள். அவள் மிஷினுக்குத் தளத்தைத் தொடாமல் மண்ணிலேயே தனியாக ஒரு கான்கிரீட் கட்டை போட்டார்கள்.

கட்டை இறுகின பிறகு, எல்லாத் தறியையும் ஓடவிட்டு அவள் மிஷினைப் போட்டாள். நான் கூடத்துக்குப் போவதும் அறைக்கு வருவதுமாக இருந்தேன்.

"அப்பா, நடக்காதீங்க! இப்பத் தறி ஆட்டறதில்ல, நீங்கதான் ஆட்டறீங்க!"

அறையில் அப்படியே நின்றேன். காதில் தறிச் சத்தம் முழுசாக இருந்தது. உள்ளங்காலில் ஒன்றுமே இல்லை. கால் மரத்துப்போனதோ என்று விரலை மடக்கிப் பார்த்தேன்.

தகடு மேலே ஏறியது. கையுறை போட்டுப் பூவை எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, லென்ஸில் பார்த்தாள். என் கையில் வைத்தாள். கட்டைவிரலால் தடவினேன். நரம்பு மட்டும்தான் தட்டுப்பட்டது.

அதைப் பஞ்சில் பொதிந்து, அவளே பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டு போனாள். அவள் போன நேரம் முழுக்க நான் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"என்ன சொன்னாரு சாமி?"

"ஒண்ணும் சொல்லலீங்கப்பா. அடுத்த பூவுக்குப் படம் குடுத்துட்டாரு. வாரேன், அம்மாவ சோறு ஆக்கி வெக்கச் சொல்லுங்க."

நான் தறிப்பக்கம் போய் உட்கார்ந்தேன். உள்ளங்காலில் அதிர்வு ஏறியது.