இறக்கி வைக்கத் தெரியாதவன்

வீடு மாற்றும் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் மத்தியில் அவனுக்குப் பெயர் பீரோ. நாலு பேர் பிடிக்க வேண்டிய இரும்பு பீரோவை, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், தன்னந்தனியாக முதுகில் சாய்த்து மேல்மாடிக்குக் கொண்டுபோனவன். வேண்டாத வேலைதான். கூட வந்தவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள், இவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, வேறொன்றும் இல்லை. ஆனால் அன்று ஒட்டிக்கொண்ட பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த சாமானை இடையில் தரையில் வைக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரோடு சாய்த்து நில். ஆனால் கீழே வைக்காதே. தரையிலிருந்து மறுபடி தூக்கும்போதுதான் முதுகு போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்டதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவன்?

அப்படியிருந்தும் முதுகு போனது. ஒரு துணி துவைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். டிஸ்க் விலகியிருக்கிறது, கனம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போக, இவன் சின்னக் குழந்தையோடும் இரண்டு நாய்களோடும் வீட்டில் கிடந்தான். ஊரார் வீட்டையெல்லாம் பெயர்த்து நட்டவனுக்குத் தன் வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை என்று தெரியவில்லை. நாய்களும் தொழிலில் வந்தவைதான். வீடு மாறுகிறவர்கள் உடைந்த நாற்காலியைக்கூட மறக்காமல் ஏற்றுவார்கள், நாயை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்த கிழ நாய்க்குப் பெரியவர் என்று பெயர். குட்டியாக வந்தது வாலு.

வலி கொஞ்சம் விட்டதும், ஊருக்கு வெளியே இருக்கிற குன்றுக்கு எல்லோரும் போய்வரலாம் என்றாள் மனைவி. அவளுடைய தம்பி, அதே வண்டியில் இவனோடு வேலை பார்க்கிறவன், முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்து வந்தான். பீரோ உடனே சரி என்றதில் ஒரு கள்ளம் இருந்தது. மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உச்சியிலுள்ள செல்போன் கோபுரம் வரை ஏறிவிட்டால் முதுகு தேறிவிட்டது. முடியாவிட்டால் இனி அவன் பீரோ இல்லை.

அடிவாரத்தில் இறங்கியதுமே மனைவி சொன்னாள்: "பாப்பாவை நீங்க தூக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி."

"வாயால சரின்னா போதாது."

"வேற எதால சொல்றது?"

"அக்கா, மாமாவை நம்பாதே," என்றான் தம்பி. "சும்மா உட்காருன்னா, உட்கார்ந்த பெஞ்சைத் தூக்கிப் பார்க்கிற ஆளு."

பாதை புல்லும் சரளையுமாக வளைந்து ஏறியது. குழந்தை கொஞ்ச தூரம் அம்மா இடுப்பில், கொஞ்ச தூரம் தாய்மாமன் தோளில். நடப்பாள்; ஆனால் வீட்டுத் தரையைத் தாண்டி நடந்து பழக்கமில்லை. பெரியவர் ஒவ்வொரு புதரிடமும் நலம் விசாரித்துக்கொண்டு பின்னால் வந்தது. வாலு ஒரு ஆட்டைக் கண்டதும் சரிவில் பாய்ந்தது. மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள்.

பீரோ கையை நீட்டினான். "டேய், பாப்பாவைக் கொடு."

"அக்கா என்னைத் தோலை உரிச்சிடும்."

"நாளைக்கு வேலைக்கு வரணும்டா. முடியுமா முடியாதான்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கிறேன்."

தம்பி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு குழந்தையைக் கொடுத்தான்.

தோளில் ஏற்றியதும் உடம்பு தன் பழைய வேலையை நினைத்துக்கொண்டது. கால் தானாக அகன்று வைத்தது, மூச்சு தானாக அளந்து வந்தது. முதுகிடமிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இத்தனை நாளும் இந்த உடம்புக்கா பயந்தோம் என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கோபுரம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற திருப்பம் வரை வந்துவிட்டான்.

அப்போது பெரியவர் அவர்களைத் தாண்டி முன்னால் போனது. குழந்தை அதைப் பார்த்தாள். "எறங்கு," என்றாள்.

"மேல போய் இறங்கலாம்மா."

"எறங்கு." காலால் மார்பில் உதைத்தாள். தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கமாகச் சரிந்து அழ ஆரம்பித்தாள். எத்தனையோ கட்டிலும் அலமாரியும் சுமந்திருக்கிறான். அவற்றில் ஒன்றுகூட இறக்கிவிடு என்று கேட்டதில்லை.

"இறக்கி விடு மாமா. புள்ள கத்துது."

"வழியில இறக்கக் கூடாது."

"இது என்ன சோபாவா?"

"கீழே வச்சா, திரும்ப என்னால எடுக்க முடியாதுடா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. தம்பி குனிந்து செருப்பில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கினான். இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறவன்தான் நல்ல கூட்டாளி, யார் என்ன சொன்னாலும் சரி.

குழந்தை இன்னும் சரிந்தாள். இனி பிடித்தால் நழுவிவிடுவாள். பீரோ மெல்ல முழங்காலை மடக்கி, மெல்லக் குனிந்து, அவளைத் தரையில் நிறுத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தத்தித் தத்திப் போய்ப் பெரியவரின் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டாள். அது நின்று கொடுத்தது. இவன் எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்பில் ஏதோ கவ்விக்கொண்டது. கையை ஊன்றி அப்படியே மண்டியிட்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து வாலு ஓடி வந்தது. எஜமான் தன்னைப் போல நாலு காலில் நிற்பதைக் கண்டு அதற்குத் தலைகால் புரியவில்லை. முகமெல்லாம் நக்கித் தீர்த்தது. பின்னாலேயே மனைவி வந்தாள்.

"தூக்கினீங்களா?"

"இறக்கிட்டேன்."

அவள் திட்டவில்லை. தம்பியும் அவளுமாகப் பிடித்து அவனை ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். "நாளைக்கு வேலைக்குப் போறதுன்னு நினைச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க? பீரோவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலா நான் குடும்பம் நடத்துறேன்?"

அவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தூக்காம வண்டியில எனக்கு என்ன வேலை?"

"உள்ள நின்னு சாமானை அடுக்கற வேலை இல்லையா?"

"அது உடம்புக்கு முடியாதவன் பார்க்கிறது."

"உங்க உடம்பு இப்ப எப்படி இருக்காம்?"

தம்பி மூக்கை உறிஞ்சினான். "மாமா, அடுக்கத் தெரிஞ்ச ஆளில்லாம வண்டிக்குள்ள நான்தான் அடுக்கினேன். கண்ணாடி மேசை மேல தையல் மெஷினை வச்சுட்டேன். அந்த வீட்டம்மா விட்ட சாபம் இன்னும் காதுல ஓடுது."

பீரோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண் கலங்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து செல்போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டான்.

"அடுத்த வாரம் வரேங்க. ஆனா தூக்க இல்ல. உள்ள நின்னு அடுக்கறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு கண்ணாடி மேசைக் காசு மிஞ்சியிருக்கும்," என்று குரல் வந்தது.

அதற்குள் குழந்தை நாயைப் பிடித்தபடியே அடுத்த வளைவுக்குப் போயிருந்தாள். மனைவி பின்னால் ஓடினாள். பீரோ பாறையில் இருந்தபடியே குரல் கொடுத்தான்: "இடது பக்கமாப் போ. அந்தத் தட்டைக் கல்லுல கால் வைக்காதே, ஆடும். பாப்பாவை உள்பக்கம் விடு."

"தெரியுது, தெரியுது," என்றாள் அவள் திரும்பாமலே. ஆனால் இடது பக்கமாகத்தான் போனாள்.