புளியங்கொட்டை மாவும் நஞ்சப்பனும்

நஞ்சப்பனைக் கெட்டிக்காரன் என்று அவன் இருந்தவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. செத்தபின் சொல்கிறார்கள். நல்ல ஜனங்கள்!

காரிமங்கலம் பக்கத்து ஆள் அவன். சேலத்தில் ஒரு நெசவு ஆலையில், தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போடும் வேலை. யுத்தம் வந்ததும் சீமைக் கஞ்சி மாவு நின்றுபோயிற்று. அரிசிக்கோ மனுஷனே வரிசையில் நிற்கிறான். நூல் அறுந்து அறுந்து தறி நின்றது. எங்கள் பக்கத்துக் கம்பளிக்காரர்கள் புளியங்கொட்டையைக் காய்ச்சித்தானே நூலுக்குப் பூசுகிறார்கள், பருத்திக்கும் பூசினால் என்ன என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. அவன் பெண்டாட்டி சென்னம்மாள் கொட்டையை வறுத்து, தோலெடுத்து, இடித்து, துணியில் சலித்துக் கொடுத்தாள். காய்ச்சிப் பூசிப் பார்த்தார்கள். ஒரு இழைகூட அறுபடவில்லை.

“இதே பதத்துல ஒரு வண்டி கொண்டா. நல்லா இருந்தா மாசாமாசம் வாங்கறேன்” என்றார் ஆலை மேஸ்திரி.

நஞ்சப்பன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவந்தான். மழை பொய்த்தால் கோலார் சுரங்கத்துக்கு ஓடுகிற ஊர் எங்களுடையது. இந்த மாவு விலைபோனால் ஒருத்தரும் ஓட வேண்டாம். அதுதான் அவன் ஆசை. சட்டி மாவு ஒருத்தி செய்வாள், வண்டி மாவுக்கு ஊரே கூட வேண்டுமே! வீடு வீடாக உட்கார்ந்து பதம் சொல்லிக் கொடுத்தான். தோல் ஒட்டிய மாவை, “மாட்டுக்குப் போடுங்க” என்று தள்ளினான். வாங்காத வசவில்லை. சரக்கு சேர்ந்ததும், இறக்க இடம் பார்க்க முன்னாலேயே சேலம் போனான்.

இங்கே வண்டி கட்டும்போது பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் சரக்கு ஊரைத் தாண்டுகிறதே என்று மூட்டைக்கு ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் போட்டு, கும்பிட்டு அனுப்பினார்கள்.

வெள்ளை நூல் மஞ்சளாயிற்று. சவுக்காரத்தில் அலசினால் சிவப்பாயிற்று. “இங்க என்ன கல்யாணச் சீலையா நெய்யறோம்?” என்று மேஸ்திரி மூட்டைகளை வாசலில் எறிந்தார். அங்கே ஒரு மண்டிக்காரர் மாவை அள்ளி முகர்ந்து பார்த்து, “என்ன சரக்குப்பா?” என்று கேட்டார். வயிற்றெரிச்சலில் நஞ்சப்பன் வறுப்பது முதல் சலிப்பது வரை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டான். பைத்தியக்காரன்!

ஊர் திரும்பி மஞ்சளைச் சொன்னான். மஞ்சள் போட்ட பெண்களில் மூத்தவள் காசியம்மாள் எழுந்தாளே பார்க்கணும்! “வெறும் மூட்டையா அனுப்ப இது என்ன எழவு வூடாங்க? மஞ்சளக் குத்தம் சொல்ற வாய் வெளங்குமா?”

மறுபடி ஒரு கை மாவு இடிக்க யாரும் வரவில்லை. மண்டிக்காரர் சேலத்தில் மிஷின் வைத்தார். அதே மாவு, அதே ஆலை. கொட்டை வாங்க மட்டும் எங்கள் ஊருக்கு வண்டி அனுப்பினார்.

நஞ்சப்பன் வண்டிக்குக் குறுக்கே நின்று கத்தினான். “கொட்டையா விக்காதீங்க! மாவாக்கிக் குடுப்போம். மேஸ்திரி கால்ல நான் விழறேன்!”

விற்கக் கொட்டைக் கூடையோடு நின்ற பெண்களில் சென்னம்மாளும் இருந்தாள்.

“நீ எதுக்குடி வந்த?”

“அடுப்புல ஒலைய வெச்சிட்டு வந்திருக்கேன், அதுல போட வூட்டுல ஒண்ணும் இல்லீங்க. தள்ளி நில்லுங்க, வண்டி போயிடும்.”

தள்ளி நின்றான்.