பதினொரு வகைத் தங்கப் பூச்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாட்ச்மேனைத் திருடன் என்று சொல்லப்போகிறேன். அந்த மனிதர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர் விவசாய ஆபீசில் நான் மேஸ்திரி. டெம்பரவரி. தொரப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் பெண்ணை எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார், வேலை பர்மனென்ட் ஆனால் மட்டும். பெண்ணை ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். காபியை வைத்துவிட்டு, என் கால்சட்டையில் கழற்ற மறந்த சைக்கிள் கிளிப்பைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் சர்க்கரைவள்ளி இலையெல்லாம் சல்லடைக் கண்ணாக இருந்தது. தின்றது ஒரு குட்டி வண்டு. ஆமைபோல் ஓட்டுக்கடியில் காலையும் தலையையும் ஒளித்துக்கொண்டு இலையோடு இலையாக ஒட்டிக்கொள்ளும். ஓடு தகதகவென்று தங்கமாக மின்னும். அதன் புழு தன் மலத்தையே முதுகில் குடையாகத் தூக்கிக்கொண்டு திரியும். அந்த விஷயத்தை இதோடு விட்டுவிடலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பூச்சிப் பண்டிதர் வருகிறார், இந்த ஒரு பேரினத்தில் நம் பக்கம் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனையும் வேண்டுமாம் என்றார் எங்கள் அதிகாரி. நன்றாகச் செய்தால் பர்மனென்ட் ஆக்கச் சிபாரிசு எழுதுவாராம். சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வரப்பைத் தாண்டினால் பாஷை மாறும். தெலுங்குக்காரர் தோட்டத்தில் பங்காரு புருகு என்று காட்டினார்கள். கன்னடக்காரர் தோட்டத்தில் சின்னத ஹுளா. தமிழ்க்காரர் தோட்டத்தில் தங்கப்பூச்சி. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? நான் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ். ஆனால் பூச்சியைச் சாகடிக்க ஸ்பிரிட் பஞ்சு போட்ட பாட்டிலிலிருந்து எடுத்தபோது நிறம் வேறு வேறாக இருந்ததே! பக்கத்துத் தோட்டத்துத் தெலுங்குப் பூச்சி பசும்பொன். இரண்டு மணி நேரம் சைக்கிளில் வந்த கன்னடப் பூச்சி செம்பு. குருபரப்பள்ளிப் பக்கம் பிடித்து, மறுநாள் காலையில் எடுத்த தமிழ்ப் பூச்சி வைக்கோல். மனுஷனே வரப்புக்கு வரப்பு மாறும்போது பூச்சி மாறாதா என்று நினைத்தேன். இப்படியே நிறத்துக்கு ஒன்றாகப் பதினொரு வகை சேர்த்துவிட்டேன். அட்டைப்பெட்டியில் குண்டூசி குத்தி, நிறத்தையும் எழுதி, எறும்பு ஏறாமல் மூடியைச் சுற்றிப் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். மூடுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்த அதிகாரி, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று இழுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி.

பெட்டியை ஒட்டிய நான்காம் நாள் பண்டிதர் வந்தார். அன்றைக்கே என் வேலை முடிவாகிவிடும் என்று பெருமையடித்திருந்ததால், பெண்ணின் அப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தேன். பதினொன்றும் பழுப்பு. பசும்பொன் என்று எழுதிய இடத்தில் பழுப்பு, செம்பு என்று எழுதிய இடத்தில் பழுப்பு.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்ததைக்கூட யோசிக்கவில்லை. யாரோ என் பூச்சியைத் திருடிக்கொண்டு மட்டமானதைக் குத்தி வைத்துவிட்டார்கள் என்று கத்தினேன். ராத்திரி ஆபீசில் இருந்தது வாட்ச்மேன் ஒருவர்தான் என்று அவரைக் கைகாட்டினேன். அவர் பயந்துபோய், யாரும் கேட்காமலே தன் இடுப்பு மடிப்பை உதறிக் காட்டினார். உள்ளே ஒரு பீடியும் பாதி வெல்லமும்தான் இருந்தன.

பண்டிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தங்கம் ஓட்டுக்குள் இருக்கும் ஈரம்தான், உயிர் போனால் ஈரம் காயும், தங்கமும் போய்விடும் என்று விளக்கினார். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்து, ஓட்டின் விளிம்பையும் புள்ளியையும் கொண்டு பிரித்தார். மொத்தம் மூன்றே வகை. என் பதினொன்றில் ஒன்பது ஒரே வகை, வெவ்வேறு நேரத்தில் செத்தவை. எல்லாம் ஒரே கோத்திரம்தான், வீடுதான் மூன்று என்றார்.

சிபாரிசு அவ்வளவுதான். மானம் கப்பலேறியது. தொரப்பள்ளிப் பக்கம் இனி சைக்கிள் விடக்கூட முடியாது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் வெல்லத்தை நீட்டினார், தின்றேன்.

பெண்ணின் அப்பா பெட்டியை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார்.

“ஏஞ் சாமி, தங்கமே டெம்பரவரியா இருக்குது. இந்தத் தம்பி டெம்பரவரியா இருந்தா என்ன இப்ப?”

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். வேலை பர்மனென்ட் ஆனபோது எங்களுக்கு இரண்டாவது குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சூடுபட்ட பூனை நான். கல்யாணமான முதல் வாரம், காலையில் எழுந்ததும் அவள் கழுத்துத் தாலி மங்கிவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“உசுரோடதாங்க இருக்கறன். போய்ப் பல்லு வெளக்குங்க.”