சின்னம்மாவின் நாற்பது ஸ்டார்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது அப்பா உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தை எங்கள் வீட்டில் ஃபக்டரி முறையில் நடத்தத் தீர்மானித்தார். அவர் பிளாஸ்ரிக் மூடி செய்யும் ஃபக்டரி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். அங்கே சுவரில் பெரிய வெள்ளைப் பலகை ஒன்று இருக்குமாம். ஒவ்வொரு நாளும் எத்தனை மூடி செய்யவேண்டும், எத்தனை செய்தார்கள் என்று எழுதுவார்களாம். விபூதிப் புதனன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்கு வந்தவர், ஒரு பெரிய காகித மட்டையில் கோடுகள் கீறி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஒருவருக்கு நாற்பது கட்டங்கள். ஞாயிறு கணக்கில்லை. ஞாயிறு ஆண்டவருடைய நாள், ஒறுத்தல் கிடையாது.

"சும்மா சாப்பிடாமல் இருந்தால் அது பட்டினி. இலக்கு வேணும். இலக்கு எண்டால் அளக்கக்கூடியதா இருக்கவேணும். நல்ல பிள்ளையா இருப்பன் எண்டு ஒருத்தரும் எழுதப்படாது" என்று அப்பா அறிவித்தார். ஃபாதர் பிரசங்கத்தில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டார். ஃபாதர் மூடிகளைப் பற்றி ஒன்றும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நாற்பது கட்டத்திலும் ஸ்டார் ஒட்டியவருக்கு எங்கள் வான் வண்டியின் முன் சீற், ஒரு வருடத்துக்கு. இரண்டு பேர் முடித்தால் சீட்டுக் குலுக்குவது. முன் சீற் அம்மாவுடையது. ஆனால் அம்மாவுக்கு எப்போதும் பின்னால் இருந்து நித்திரை கொள்ளத்தான் விருப்பம், அதனால் மறுப்புச் சொல்லவில்லை. ஸ்டாரைச் சரிபார்த்து ஒட்டும் வேலையை அப்பா எனக்குத் தந்தார். "நீதான் குவாலிற்றி கொன்ட்ரோல்" என்றார். ஐயோ, அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. அன்று தொடங்கிய குணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இதற்கு என் கணவர் சாட்சி.

அம்மா தேநீருக்குச் சீனி போடுவதில்லை என்று எழுதினார். அப்பா கத்துவதில்லை என்று எழுதினார். அண்ணா கேம் விளையாடுவதில்லை என்று எழுதினான். நான் சொக்லேட் இல்லை என்றும், தினமும் பத்து நிமிடம் வேதாகமம் வாசிப்பது என்றும் இரண்டு இலக்கு எழுதினேன். ஒன்று போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை.

சின்னம்மாவின் வரியில் மட்டும் ஒன்றும் இல்லை. சின்னம்மா அம்மாவின் தங்கை. மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து எட்டு மாதம், மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்தார். "என்ன எழுதட்டும், சின்னம்மா?" என்று மார்க்கரோடு நின்று கேட்டேன். "அது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும், பிள்ளை. நீர் ஸ்டாரை மட்டும் ஒட்டும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுதாத இலக்கை நான் எப்படிச் சரிபார்ப்பது? அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "அவவை விடு" என்றார்.

அவவை விடு என்பது அந்த நாளில் எங்கள் வீட்டின் பொதுச் சட்டம். சின்னம்மா வானில்லாமல் எங்கும் போகமாட்டார். அப்பாவின் ஃபக்டரியில் பின்னேர ஷிஃப்ற்றில் ஒரு வேலை இருந்தது. உயிர்த்த ஞாயிறு வரை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாக மனேஜர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ற், அம்மாவுக்கும் வேலை, ஏற்றி இறக்க ஆளில்லை. "ஒரே பஸ்தானே, வாசலிலை ஏறினால் கடைசி ஸ்டொப்பிலை இறங்கிறது" என்று அம்மா தொடங்கினாலே சின்னம்மா எழும்பிப் போய் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவுவார். ஊரில் யுத்தம் முடிந்த நேரம் சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, ஆமி கொண்டுவந்த ஒரு பஸ்ஸில் ஏறிப் போனவர், இன்னும் வரவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். சித்தப்பா எங்கேயோ மிகத் தூரத்தில் வேலை செய்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன்.

முதற் கிழமையிலேயே அண்ணா கவிழ்ந்தான். இரண்டாம் கிழமை அம்மா சீனிக்குத் தோற்றார். அப்பா மூன்றாம் கிழமைவரை தாக்குப்பிடித்தார். பிறகு தெருப் பனியைத் தள்ளி எங்கள் ட்ரைவ்வேயை மூடிவிட்டுப் போன வண்டிக்காரனைப் பார்த்து அவர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நானே போய் அவருடைய கட்டத்தில் கறுப்புக் கோடு போட்டேன். மிச்சம் நானும் சின்னம்மாவும்தான்.

உண்மையைச் சொன்னால், பத்தொன்பதாம் நாள் வகுப்பில் ஒருத்தியின் பிறந்தநாளுக்கு நான் சொக்லேட் கேக் சாப்பிட்டேன். கேக் வேறு, சொக்லேட் வேறு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி ஸ்டாரும் ஒட்டிக்கொண்டேன். அதிகாரி நான்தானே!

மார்ச் பிரேக் வந்தது, ஒரு கிழமை பள்ளி விடுமுறை. பகலில் வீட்டில் நானும் அண்ணாவும் சின்னம்மாவும் மட்டும். திங்கட்கிழமை பத்து மணிபோல சின்னம்மா கோட்டைப் போட்டு, செபமாலையைப் பொக்கற்றில் வைத்து, "இதிலை போயிட்டு வாறன்" என்று வெளிக்கிட்டார். தோற்ற அன்றே கேமுக்குத் திரும்பிவிட்ட அண்ணா தலை நிமிர்த்தவில்லை. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னாலே போனேன். குவாலிற்றி கொன்ட்ரோல் என்றால் சும்மாவா?

சின்னம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஒரு பஸ் வந்தது, கதவு திறந்தது, அவர் ஏறவில்லை. இரண்டாவதுக்கும் ஏறவில்லை. நான் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பஸ்ஸில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறினார். நான் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு பின்கதவால் ஏறினேன். காலியாக எத்தனையோ சீற் இருந்தும் அவர் இருக்கவில்லை. ட்ரைவருக்குப் பக்கத்தில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு நிறுத்தத்தில் இறங்கினார், தெருவைக் கடந்தார், எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். கடைக்குப் போகவில்லை. ஒருவரையும் சந்திக்கவில்லை. ஒரு பால் பெட்டிகூட வாங்கவில்லை. வந்ததும் என்னிடம், "பிள்ளை, எனக்கொரு ஸ்டார்" என்றார்.

செவ்வாயும் பின்னால் போனேன். திங்கள் இறங்கியது, எங்கள் நிறுத்தத்தையும் சேர்த்தால், இருபத்துமூன்றாம் நிறுத்தம். செவ்வாய் இருபத்துநான்காம் நிறுத்தம். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். ஸ்டாரும் இருபத்துநான்கு. ஆஹா, பிடித்துவிட்டேன்! நான் சொக்லேட்டை விட்டுத் தவம் கிடக்கிறேன், இவர் ஹீற்றர் போட்ட பஸ்ஸில் சுற்றிவிட்டு வந்து ஸ்டார் வாங்குகிறார். இப்படியே போனால் முன் சீற்றுக்குச் சீட்டுக் குலுக்கவேண்டி வரும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் இருந்தார்கள். புட்டும் மீன்குழம்பும். நான் எழுந்து நின்றே அறிக்கை வாசித்தேன். "சின்னம்மாவுக்கு ஒரு இலக்கும் இல்லை, அப்பா. ஷீ இஸ் ஜஸ்ற் ரைடிங் த பஸ். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்டொப் கூடப் போயிட்டு திரும்பி வாறா. தட்ஸ் நொட் ஃபெயர்."

அம்மாவின் கை புட்டுக் கோப்பையில் அப்படியே நின்றது. பிறகு என்மேல் பாய்ந்தார். "உனக்கு ஆரடி சொன்னது அவவுக்குப் பின்னாலை திரியச் சொல்லி? பனிக்குள்ளை, தனிய! வாயை மூடிக்கொண்டு சாப்பிடு!"

"பிள்ளையை ஏசாதேங்கோ அக்கா" என்றார் சின்னம்மா. "அவ சரியாத்தான் எண்ணியிருக்கிறா. இண்டைக்கு இருபத்திநாலு."

அப்பா மெதுவாகக் கேட்டார். "மொத்தம் எத்தினை?"

"நாப்பது, அத்தான். ஃபக்டரி ஸ்டொப் வரைக்கும். ஒருக்கா வானுக்குள்ளை வரேக்கை எண்ணினனான். நாப்பது எண்டு வந்தவுடனை ஆண்டவர்தான் எனக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சன். முதல் நாள் ஸ்டொப்பிலை நிண்டிட்டு மட்டும் வந்தனான், ஏறேல்லை. ஒரு ஸ்டொப்புக்கு ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுவன்." கோப்பையில் புட்டைப் பிசைந்தபடி சொன்னார். "திரும்பி வாற பஸ்ஸுக்குப் பயமில்லை. போற பஸ்ஸுக்குத்தான்."

எனக்கு இது சுத்த விசர்க்கதையாகப் பட்டது. இரண்டும் ஒரே சிவப்பு பஸ், ஒரே நம்பர். ஆனால் அம்மா எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றையும் கழுவாமல் நின்றார். அப்பா ஃபிரிட்ஜ் கதவை எட்டிப் பார்த்தார். கட்டங்களை விரலால் எண்ணிவிட்டு, "அப்ப நீர் ஷெடியூலிலைதான் இருக்கிறீர்" என்றார்.

நான் விடுவேனா? "ஆனா எழுதேல்லையே" என்றேன். சின்னம்மா சிரித்தார். நான் நீட்டிய மார்க்கரை வாங்கி, தன்னுடைய வெறும் வரியில் பஸ் என்று ஒரே ஒரு சொல்லை எழுதினார். அது அளக்கக்கூடிய இலக்கா என்று அப்பா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டின் கதையே மாறிவிட்டது. அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றமுதல் ஃபிரிட்ஜைப் பார்ப்பார். "முப்பத்தொண்டு! வெரி குட்!" என்று கத்துவார். கத்தாமல் இருப்பதில் ஏற்கெனவே தோற்றுவிட்டபடியால் அவருக்கு இனிக் கவலையில்லை. முப்பத்துமூன்றாம் நாள் பனிமழை. அன்று சின்னம்மா நனைந்து விறைத்து வந்து, தானே ஸ்டாரை ஒட்டினார். நான் என் அதிகாரம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். கேக் விசயம் நெஞ்சில் முள்ளாக நின்றது, ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். மூன்று செபம் தந்து மன்னித்தார். வரும் வழியில் அந்தத் துணிவில் அப்பாவிடமும் சொன்னேன். "பாவம் போயிட்டுது, நல்லது. ஸ்டாரும் போகுது" என்றார். என் கையாலேயே பத்தொன்பதாம் கட்டத்தை உரித்தேன். இனி நாற்பது முடித்தாலும் எனக்கு முப்பத்தொன்பதுதான். சின்னம்மாவும் ஒரு நாள் தவறி முப்பத்தொன்பதில் நின்றால் மட்டுமே, சீட்டுக் குலுக்க எனக்கு ஒரு வழி இருந்தது.

நாற்பதாம் நாள், பெரிய சனி காலை அப்பா என்னை வானில் ஏற்றிக்கொண்டு கடைசி நிறுத்தத்துக்குப் போனார். "குவாலிற்றி கொன்ட்ரோல் நேரிலை பாத்துத்தான் கையெழுத்து வைக்கவேணும்" என்றார். வெயில் எறித்தது, குளிரும் இருந்தது. தெருவோரத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. சின்னம்மா சொன்ன நேரத்து பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சின்னம்மா இல்லை. அடுத்தது வந்தது. அதிலும் இல்லை. அப்பா செல்ஃபோனை எடுப்பதும் பொக்கற்றில் போடுவதுமாக நின்றார். நான், ஆண்டவர் மன்னிக்கட்டும், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். முன் சீற் பாதி கிடைத்தமாதிரித்தான்.

மூன்றாவது பஸ் வந்தது. முன்கதவால் முதல் ஆளாகச் சின்னம்மா இறங்கினார். செபமாலையை விரலில் சுற்றியிருந்தார், முகம் வியர்த்திருந்தது. "ரெண்டு பஸ்ஸை விட்டிட்டன், அத்தான்" என்றார். அப்பா, "ஷிஃப்ற் தொடங்க இன்னும் ரெண்டு நாள் கிடக்கு, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் ஏமாற்றத்தில் அழுகை வந்தது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். மட்டையை வானுக்குள்ளேயே கொண்டுவந்திருந்தோம். நாற்பதாம் கட்டத்தில் ஒட்ட ஸ்டாரை உரித்துக்கொண்டு சின்னம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் வரவில்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கிழவர் தடியை ஊன்றி இறங்கினார். ஒரு பொடியன் இறங்கினான். தள்ளுவண்டியோடு ஒரு தாய் இறங்கினாள், சின்னம்மா அதன் முன் சில்லைப் பிடித்து உதவினார். பிறகும் நின்று, வெறும் சீற்றுகளை முன்னிருந்து பின்வரை எட்டிப் பார்த்தார்.

"ஆரைப் பாக்கிறியள், சின்னம்மா?"

"ஒருத்தரையும் இல்லை, பிள்ளை. எல்லாரும் இறங்கிட்டினமோ எண்டு பாத்தனான்."

"லாஸ்ற் ஸ்டொப்தானே சின்னம்மா" என்று நான் அவருக்கு விளக்கினேன். "எல்லாரும் இறங்கத்தானே வேணும்."

"ஓம் பிள்ளை. இறங்கத்தான் வேணும்" என்று என் தலையைத் தடவினார். நான் நாற்பதாவது ஸ்டாரை ஒட்டினேன். முன் சீற்றை அவர் எனக்கே தந்துவிட்டார். தனக்கு இனி பஸ் இருக்கிறதாம். நான் பாய்ந்து ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டேன். அப்பா ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி திறப்பைத் திருப்பி வானை எடுக்காமல் இருந்தார். எதற்காக இந்த மனிதன் வெளிக்கிடாமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்பா, லேற் ஆகுது. எடுங்கோ" என்றேன்.