சிரட்டைக்கடியில் புளியமுத்து

கொற்கைக்குப் போகிற வழியில், ஆற்றுத்துறைக்குச் சற்று முன்னால் ஒரு கள்ளுக்கடை. என் வண்டிக்காரர் மாடன் மாட்டை அவிழ்க்காமலே உள்ளே போய்விடுகிறார். மேற்கே மழை. தாமிரபரணி செம்மண் நிறத்தில் ஏறி வருகிறது. இருட்டுவதற்குள் இவர்தான் வண்டியை அக்கரை சேர்க்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. அவரைக் கூப்பிடக் கோபத்தோடு கடை வாசலுக்குப் போகிறேன்.

கள் ஊற்றுகிறவர் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றுக்கடியில் புளியமுத்தை வைத்து, பேசிக்கொண்டே இடம் மாற்றுகிறார். இந்தக் கடையில் அதுதான் வழக்கமாம்: முத்து இருக்கிற சிரட்டையைத் தொட்டால் இன்னொரு ஓலைப்பட்டை கள் உண்டு. அவர் கையில் கள் வழிகிறது, ஈ மொய்க்கிறது. ஆனாலும் முத்து போகிற போக்கு எனக்குப் பிடிபடவில்லை. மாடன் சரியாகத் தொடுகிறார், குடிக்கிறார்.

ஊற்றுகிறவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார். சிரட்டைகள் மறுபடி நகர்கின்றன.

“எங்கன இருக்குன்னு சொல்லும் வே.”

மாடன் நடுச் சிரட்டையைத் தொடுகிறார். அதில் இல்லை.

“அப்போ கிளம்பும்.”

மறுபேச்சில்லாமல் மாடன் எழுந்து வெளியே போகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. மற்ற இரண்டையும் நிமிர்த்திப் பார்க்கிறேன். எதிலும் முத்து இல்லை.

வண்டி தண்ணீரில் இறங்கும்போது மாடனிடம் சொல்கிறேன்: “ஒரு சிரட்டையிலும் முத்து இல்லை, தெரியுமா?”

“தெரியும் சாமி. ஆள் ஏத்திட்டு வந்தா ரெண்டாந்தடவை இருக்காது.” மாட்டைப் பைய அதட்டுகிறார். “அவரு போதும்னு வாயால சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேம்லா.”