எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்த சிங்கி இறால்

தென்காசியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த நம்பிராஜன், பெற்ற தாயையே உரசிப் பார்த்துத்தான் அம்மா என்று கூப்பிட்டிருப்பார் என்று ஊரில் பேச்சு. முலாம் பூசிய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று, எந்தக் குடம் வந்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்து, செங்கல் பொடி போட்டு நாலு தேய் தேய்ப்பார். கடையில் அது சாமர்த்தியம். வீட்டிலும் அதையே செய்தால் பெற்ற பிள்ளை எப்படி வாழும்?

மருமகன் செல்லப்பாவுக்கு அரியலூரில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. "அம்புட்டு தூரத்துல அவனுக்கு இன்னொரு குடும்பம் இல்லன்னு யாரு கண்டா?" என்று, கல்யாணமாகி வருஷம் ஒன்றாகியும் மகள் உலகம்மாளை அனுப்பாமலே வைத்திருந்தார்.

1958 சாரல் சீசனில் செல்லப்பா ஒரு கல்லோடு வந்தான். கல்லில் ஒரு சிங்கி இறால், இடுக்கிக் காலும் மீசையும் வாலுமாக அப்படியே பதிந்து கிடந்தது.

"சுரங்கத்துல கிடைச்சுது மாமா. அங்கன ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம்."

"கடலே இல்லாத ஊர்ல இறாலா? யாரு காதுல பூ சுத்துதீய மாப்ள?"

செல்லப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "குத்தாலத்துக்குக் குளிக்க ஒரு காலேஜ் புரபசர் வந்திருக்காரு. கல்லைப் பத்திப் படிச்சவரு. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். அவரு மெய்னு சொன்னா உலகம்மாள என்கூட அனுப்பணும். பொய்னு சொன்னா இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

கல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். நம்பிராஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் புரபசரே இவன் பேசி வைத்த ஆளாக இருந்தால்? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். கல் புசுபுசுவென்று நுரைத்தது. மாட்டினான் பயல், பூச்சு வேலைதான்! கத்தியால் சுரண்டி, செங்கல் பொடி போட்டு ஆத்திரம் தீரத் தேய்த்தார். கால் போனது, மீசை போனது, வாலும் போனது.

"பாத்தியாட்டி, உள்ள வெறுங்கல்லு!" என்று மகளிடம் காட்டினார்.

மறுநாள் வந்த புரபசர் கல்லை முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சையா? சுண்ணாம்புக்கல்லுல புளிப்பு பட்டா நுரைக்கத்தாங்க செய்யும்." ஓரத்தில் தப்பிக் கிடந்த ஒரு இடுக்கியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நிஜம்தான். இந்த இனம் இப்ப உலகத்துலயே கிடையாது. கல்லுல இருந்ததையும் அழிச்சிட்டீங்களே, அநியாயம்!"

மருமகன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நம்பிராஜனுக்கு ஆறியிருக்கும். அவன் கல்லை எடுத்து வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் டிரங்குப் பெட்டியோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"போயிட்டு வாம்மா. அடுத்த மாசம் அப்பா வந்து பாக்கேன்" என்றார் நம்பிராஜன்.

"வராதீய அப்பா. அங்கன வந்தும் எங்களத் தேச்சுத்தான் பாப்பீய."